ரெட் ஒயினை ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

கேள்வி: ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்லதான் குடிக்கணும், ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படிக் குடிச்சா எனக்கு ஒரே ஸ்பிரிட் நெடி, தொண்டை வேற எரியுது. நான் வாங்குற ஒயின் சரியில்லையா?

பதில்: ஒயினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி உங்க ரூம் எத்தனை டிகிரின்னு பாருங்க. இந்த விதி வந்தது ஐரோப்பாவுல, வீடு முழுக்க ஹீட்டர் வர்றதுக்கு முந்தின காலத்துல. அப்போ ரூம்னா 16, 17 டிகிரிதான் இருக்கும், குளிர்ந்த நிலவறையில இருந்து பாட்டிலை எடுத்துட்டு வந்து அந்த ரூம்ல கொஞ்ச நேரம் வெச்சு, சில்லுன்னு இருக்கறது தணிஞ்சதும் ஊத்துவாங்க, அவ்வளவுதான் விஷயம். இப்போ ரூம் 25, 30 டிகிரின்னு இருந்தா அந்த விதிக்கு அங்க வேலையே இல்ல. சூடு ஏற ஏற ஆல்கஹால் வேகமா ஆவியாகும், கிளாஸை மூக்குகிட்ட கொண்டுபோனா முதல்ல அதுதான் ஏறும், பழ வாசனையெல்லாம் அதுக்குள்ள அமுங்கிப் போயிடும், நீங்க சொல்ற எரிச்சலும் பெரும்பாலும் இதனாலதான்.

கேபர்நே சாவிஞான், ஷிராஸ் மாதிரி கனமான ரெட்டுக்கு 16லேர்ந்து 18 டிகிரி. பினோ நுவார்னா 13லேர்ந்து 16. போஜொலே மாதிரி லேசான ரெட் 12, 13 டிகிரிலயே பிரமாதமா இருக்கும், அதைச் சூடா குடிக்கறதைப் பார்த்தா எனக்கு மனசே கேக்காது. அதனால தாராளமா ஃப்ரிட்ஜ்ல வைங்க, அரை மணி நேரம், ரூம் ரொம்ப சூடுன்னா இன்னும் கொஞ்சம் கூட. ஆனா மறந்துபோய் ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க, ரொம்பக் குளிர்ந்தா டானினோட (திராட்சைத் தோல், விதையிலேர்ந்து ஒயின்ல இறங்கற பொருள்) துவர்ப்பும் கசப்பும்தான் தூக்கலா தெரியும். கிளாஸ்லயும் மூணுல ஒரு பங்குதான் ஊத்தணும், நிறைய ஊத்தினா குடிச்சு முடிக்கறதுக்குள்ள சூடாயிடும்.

கேள்வி: அப்போ ஒயிட் ஒயினை எவ்வளவு சில்லுன்னு குடிச்சாலும் நல்லதுதானே?

பதில்: இல்லீங்க. ஃப்ரிட்ஜ் உள்ள சுமார் 4 டிகிரி இருக்கும், அந்தக் குளிர்ல வாசனை மேல எழும்பாது, புளிப்பு மட்டும்தான் நாக்குல நிக்கும். சாவிஞான் பிளாங்க் மாதிரி லேசானதுக்கு 8லேர்ந்து 10 டிகிரி போதும். ஓக் பீப்பாய்ல வெச்ச ஷார்டனேவுக்கு 10லேர்ந்து 13 வேணும், அதை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே ஊத்தாம ஒரு 20 நிமிஷம் வெளிய வைங்க, காசு குடுத்து வாங்கின வாசனை அப்பதான் வெளிய வரும். சரியான டிகிரி தெரியலன்னா கொஞ்சம் கூடுதல் குளிரா ஊத்தறது நல்லது, கிளாஸைக் கையால பொத்திப் பிடிச்சா தானா ஏறிடும், ஆனா கிளாஸ்ல இருக்கறதைத் திரும்பக் குளிர வைக்கறது கஷ்டம். ஐஸ் போட்டா தண்ணியாயிடும்.

கேள்வி: விருந்தாளிங்க வந்துட்டாங்க, பாட்டில் சூடா இருக்கு. ஃப்ரீஸர்ல போட்டுடலாமா?

பதில்: அதைவிட வேகமான வழி இருக்கு. ஒரு வாளியில பாதி ஐஸ், பாதி தண்ணி, ரெண்டு கைப்பிடி உப்பு, பாட்டிலைக் கழுத்து வரைக்கும் அமுக்கி வைங்க. வெறும் ஐஸ்னா கட்டிகளுக்கு நடுவுல காத்துதான் நிறைய இருக்கும், தண்ணி ஊத்தினாதான் பாட்டிலைச் சுத்தி முழுசா குளிர் ஒட்டும். உப்பு போட்டா தண்ணி பூஜ்யத்துக்குக் கீழயும் உறையாம இறங்கும். நடுநடுவுல பாட்டிலைச் சுத்தி விடுங்க, கால் மணி நேரத்துல ஒயிட் ரெடி.

ஃப்ரீஸர்ல போட்டு மறந்துட்டா வம்பு, மைனஸ் 6 டிகிரி வாக்குல ஒயின் உறைஞ்சு விரிஞ்சு கார்க்கைத் தள்ளிடும், பாட்டிலே விரிசல் விடலாம். ஷாம்பெய்னை மட்டும் அங்க வைக்கவே வைக்காதீங்க, ஏற்கனவே உள்ள 5, 6 மடங்கு காத்தழுத்தம் இருக்கு. அதுக்கும் ஐஸ் வாளிதான். 6லேர்ந்து 10 டிகிரிக்கு நல்லா குளிர்ந்தப்புறம் திறங்க, சூடா இருந்தா கேஸ் ஒயின்ல தங்காது, கார்க் வேகமா பறக்கும், பாதி ஒயின் நுரையா வழிஞ்சே போயிடும்.

கேள்வி: ரொம்ப நாள் ஃப்ரிட்ஜ்ல இருந்த ஒயிட் ஒயின் அடியில கண்ணாடித் துகள் மாதிரி ஏதோ இருக்கு. குடிக்கலாமா?

பதில்: குடிக்கலாம். அது கண்ணாடி இல்ல, திராட்சையோட டார்டாரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்து குளிர்ல உப்பா படிஞ்சது, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. பாட்டிலை ஆட்டாம மெதுவா ஊத்துங்க, அது அடியிலயே நின்னுடும்.