மஸ்கி மீனைப் பிடித்தபின் ஏன் விடுகிறார்கள், எப்படி விடவேண்டும்?

கேள்வி: "சென் லோறன்ஸ் ஆற்றில் மஸ்கி பிடிப்பவர்கள் இவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப விடுகிறார்களே, ஏன்? மீன் குறைந்துவிட்டதென்றால் அரசாங்கம் குஞ்சு வளர்த்து விட்டால் போதாதா? விடுவதென்றால் அவ்வளவு பெரிய மீனைச் சாகாமல் எப்படி விடுவது?"

மஸ்கி என்பது வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெரிய வேட்டை மீன். சென் லோறன்ஸ், கனடா அமெரிக்க எல்லையோரம் ஓடும் ஆறு. கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதில் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதம், அந்த ஆற்றின் ஆயிரம் தீவுகள் பகுதியில் நண்பனின் படகு. என் முதல் மஸ்கி, 46 அங்குலம். எங்களிடம் இருந்தது பாஸ் என்ற சிறிய மீனுக்கான சின்ன அத்தாங்கு, அதாவது பிடி வைத்த கைவலை. தலை மட்டும்தான் அதற்குள் போனது. வேறு வழி தெரியாமல் படகுக்குள் தூக்கிப் போட்டோம். மும்முள் தூண்டிலில் ஒரு முள் தாடையில், இன்னொன்று வலையில். கையில் இருந்தது சின்னக் குறடு. கழற்றி முடித்து, செவுளில் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு படம், அது சரியாக வரவில்லை என்று இன்னொரு படம். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். ஆற்றில் விட்டபோது வெள்ளை வயிறு மேலே வந்துவிட்டது. அரை மணி நேரம் வாலைப் பிடித்தபடி படகோரம் குனிந்திருந்தேன். கடைசியில் கையை விட்டுக் கீழே போனது. நீந்திப் போனதா, தாழ்ந்து போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் படகின் கம்பளத்தில் அதன் உடம்பு கிடந்த இடம் முழுக்க வழுவழுப்பு அப்பியிருந்தது. கிருமி அண்டாமல் அந்த மீனைக் காக்கும் மேற்பூச்சு அது. அதைத்தான் நான் தேய்த்து எடுத்திருந்தேன்.

இப்போது என் படகில் முதலில் ஏறுவது தூண்டில் அல்ல, ரப்பர் பூசிய, ஆள் இறங்கக்கூடிய அளவு பெரிய அத்தாங்கு. மீன் அதற்குள் வந்தபின் அதை வெளியே எடுப்பதே இல்லை. அத்தாங்கை ஆற்றுக்குள்ளேயே தொட்டிபோல் பிடித்துக்கொண்டால் அது அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். நீளக் குறட்டால் முள்ளைக் கழற்றுவோம். இறுகியிருந்தால் போராடுவதில்லை, போல்ட் கட்டரால் முள்ளையே வெட்டிவிடுவோம். முள் ஒன்றின் விலை சில்லறைக் காசு. முள்ளில் பின்நோக்கி நிற்கும் கொக்கிநுனியை முன்கூட்டியே நசுக்கி வைத்தால் இந்த வேலையும் குறையும். படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் கமெராவைத் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு கை தாடைக்கடியில், மறுகை வயிற்றுக்கடியில், கிடையாகத் தூக்கி, நீங்கள் மூச்சை அடக்கியிருக்கும் நேரத்துக்குள் திரும்ப இறக்கிவிடுங்கள். நிமிர்த்தித் தொங்கவிட்டால் அதன் சொந்தப் பாரமே உள்ளுறுப்புகளையும் தாடையையும் இழுத்துக் காயப்படுத்தும்.

மெல்லிய நூல் போட்டு ஒரு மணி நேரம் விளையாடிக் களைக்க வைப்பதும் தவறு. 80 இறாத்தல், 100 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் போட்டுச் சீக்கிரம் கொண்டுவாருங்கள். அப்புறம், நீர் 27 பாகை செல்சியஸை நெருங்கினால் அன்று மஸ்கி பிடிக்கப் போகாதீர்கள். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு. களைத்த மீன் கண்ணுக்கு முன் நீந்திப் போய் மறுநாள் சாகும்.

சரி, ஒரு மீனுக்கு ஏன் இத்தனை பாடு? அதன் வயதால்தான். செவுளுக்குப் பின்னால் தோள்பட்டைபோல் ஓர் எலும்பு இருக்கிறது. மரத்தின் வளையங்கள்போல் அதில் ஆண்டு வளையங்கள் விழும். மீன் ஆய்வாளர்கள் ஜோன் கசெல்மனும் எட்வின் குரொஸ்மனும் 1979இல் தொடங்கி, ரொறொன்ரோவில் உள்ள ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் இந்த எலும்புகளைச் சேகரித்து வயது பார்த்தார்கள். பெரிய பெண்மீன்களில் முப்பது வயதை நெருங்கியவையும் இருந்தன. பெண்மீன் முதல்தடவை சினை பிடிக்கவே ஐந்தாறு வருடங்களுக்கு மேல் ஆகும். நாம் ஒரு மாலைப்பொழுதில் கொன்றுவிடுவது பல வசந்தங்கள் முட்டையிட்ட ஒரு தாயை. இந்த ஆற்றில் பிடித்த மஸ்கியை வைத்துக்கொள்ளச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நீளத்தை 54 அங்குலமாக உயர்த்தியதன் காரணம் இதுதான். ஆற்றைக் காக்கப் பாடுபடும் "சேவ் த றிவர்" அமைப்பு 1987 முதல், சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய மஸ்கியை விட்டவர்களுக்கு ஓர் ஓவியப் பிரதி கொடுத்து வந்தது. சுவரில் மாட்ட மீனுக்குப் பதில் படம். அருமையான யோசனை.

இனி குஞ்சு விடும் விஷயம். மஸ்கி கூடு கட்டாது, காவலும் இருக்காது. வசந்தத்தில், நீர் 9 முதல் 15 பாகை வரை சூடாகும்போது, ஆழமற்ற குடாக்களில் பாசி மேல் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். ஒரு பெரிய பெண்மீன் இலட்சத்துக்கு மேல் முட்டையிடும். ஆனால் அதற்கு முன்னரே, பனி உருகியதும், மஸ்கியின் உறவான பைக் மீன் அதே குடாக்களில் முட்டையிட்டிருக்கும். முந்திப் பிறந்த பைக் குஞ்சுகள் மஸ்கிக் குஞ்சுகளைத் தின்னும். இது பழைய பகை, இரண்டும் இதோடு வாழ்ந்தே வந்தன. புதிதாக வந்தவைதான் ஆபத்து. 1958இல் கோர்ன்வால் நகருக்கு அருகே இந்த ஆற்றில் அணை வந்தபின் நீர்மட்டத்தின் இயல்பான ஏற்றஇறக்கம் குறைந்து, சம்பங்கோரை குடாக்களை அடைத்தது. கொஞ்சமாவது இயல்பை மீட்கும் புதிய நீர்மட்டத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2017இல்தான். கப்பல்கள் ஆடாமல் நிற்க அடித்தட்டில் ஏற்றிவரும் நிலைப்பு நீரோடு வந்த கோபி என்ற சின்ன மீன் இப்போது முட்டைகளைத் தின்கிறது. 2005ஐ ஒட்டிய வருடங்களில் வி.எச்.எஸ். என்ற மீன்களைக் கொல்லும் வைரஸ் வந்து பெரிய மஸ்கிகள் செத்து மிதந்தன. இந்தக் குடாக்களைச் சரிசெய்யாமல் கொட்டும் குஞ்சு எங்கே போய் அடுத்த தலைமுறையைப் பெறும்?

எந்தக் குஞ்சு என்பதும் முக்கியம். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷூபாக் ஏரி வழிவந்த மஸ்கியைப் பல ஏரிகளில் வருடக்கணக்காக விட்டார்கள். அது இயல்பிலேயே சிறிதாக வளரும் வழி. எவ்வளவு தீனி கிடைத்தாலும் பெருக்காது. 1980களின் தொடக்கத்தில்தான் லீச் ஏரி வழிக்கு மாறினார்கள், பிறகுதான் அங்கே பெரிய மீன்கள் வந்தன.

குஞ்சு விடுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. ஒன்ராறியோவின் ஸ்பானிஷ் ஆற்றில் 1983இல் ஆலைக் கழிவு கொட்டி மீன்கள் கூட்டமாகச் செத்தன. நீர் தேறியபின் அங்கே மஸ்கியைக் குஞ்சு விட்டுத்தான் மீட்டார்கள். தாய்மீன் இல்லாமல் போன இடத்தில் அதைத் தவிர வேறு வழியில்லை. சென் லோறன்ஸில் தாய்மீன்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் இன்னும் இருக்கின்றன. ஆகவே இங்கே முதல் வேலை அவற்றை உயிரோடு வைத்திருப்பது, அடுத்தது குடாக்களை மீட்பது. குஞ்சு விடுவது மூன்றாவது. அதுவும் இதே ஆற்று மீனின் முட்டையிலிருந்து.

போன மே மாதக் கடைசியில், தூண்டில் எதுவும் எடுக்காமல், ஒரு குடாவுக்குள் துடுப்புப் படகில் போனேன். முழங்கால் அளவு நீர். இரண்டு மஸ்கிகள் பக்கத்துப் பக்கமாக, பாசியை உரசிக்கொண்டு, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. பெரியதின் முதுகுத்துடுப்பு நீருக்கு மேலே தெரிந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவை கோரைக்குள் மறையும்வரை அசையாமல் இருந்தேன்.