சுற்றளவு 160 அடிதான், ஆனால் நிலம் ஒன்றல்ல

வீரவநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்கு வெளியே இரண்டு மனை பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 40-க்கு 40 அடி, இன்னொன்று 50-க்கு 30. இரண்டுக்கும் நாலு பக்கத்தையும் கூட்டினால் 160 அடி, அதனால் ஒரே விலைதான் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?”

நம்பக் கூடாது. வேலிக்குக் கம்பி வாங்கத்தான் சுற்றளவு வேண்டும். மனைக்கு நீங்கள் காசு கொடுப்பது பரப்புக்கு. முதல் மனை 1600 சதுர அடி, இரண்டாவது 1500. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் கிட்டத்தட்ட கால் சென்ட் குறைகிறது. சென்ட் 4 லட்சம் என்று பேசியிருந்தால் 90 ஆயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போகும்.

எந்த மனைக்கும் இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சுற்றளவை நாலால் வகுத்தால் 40. ஒரு பக்கம் 40-ஐவிட எத்தனை அடி கூடுகிறதோ, அடுத்த பக்கம் அத்தனை அடி குறைந்தே தீரும். அந்த அடிக்கு ‘க’ என்று பேர் வைத்துக்கொள்வோம். பக்கங்கள் 40+க, 40−க. பெருக்கினால் 1600−க². அதாவது, க-வை அதனாலேயே பெருக்கினால் வருவதுதான் நஷ்டம். 45-க்கு 35 மனையில் 25 சதுர அடி போகும். 50-க்கு 30 என்றால் 100, 60-க்கு 20 என்றால் 400. ‘க’ இரட்டித்தால் நஷ்டம் நாலு மடங்காகிறது, பாருங்கள். 79-க்கு 1 அடி மனைக்கும் சுற்றளவு அதே 160தான். பரப்பு 79 சதுர அடி. அங்கே ஒரு சைக்கிளைக்கூடக் குறுக்கே நிறுத்த முடியாது.

இந்தச் சூத்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்தவர்கள்தான். இது மனை வாங்க உதவும் என்று ஒரு வகுப்பிலாவது சொல்லியிருக்கக் கூடாதா? போதாக்குறைக்குப் பட்டாவில் ஹெக்டேர், ஏர், பத்திரத்தில் சென்ட், புரோக்கர் வாயில் சதுர அடி. இத்தனை அளவையும் கலந்து வைத்தால் சாதாரண ஜனங்கள் ஏமாறாமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று, இதுதான் முக்கியம். மேலே சொன்ன கணக்கெல்லாம் மூலை மட்டமாக, அதாவது நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே. நம் பக்கத்து மனைகளில் பல, வாய்க்கால் பாசன வயலாக இருந்தவை. வாய்க்கால் போகிற போக்கில் வரப்பும் சாய்ந்திருக்கும், மனையும் அப்படியே சாய்ந்து அமைந்துவிடும். சாய்ந்த மனையிலும் பக்கங்கள் 50, 30, 50, 30 என்றே டேப்பில் வரும். அதனால் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை பிடியுங்கள். 50-க்கு 30 நேரான மனை என்றால் இரண்டு குறுக்களவும் 58 அடி 4 அங்குலத்தை ஒட்டி, ஒன்றுபோல வரும். ஒன்று 67, மற்றது 48 என்று வந்தால் அங்கே இருப்பது 1400 சதுர அடிதான். பக்க அளவில் ஒரு அங்குலம்கூட மாறாமல் 100 சதுர அடி காணாமல் போயிருக்கும்.

பக்கங்கள் சமமில்லாத மனைக்கு வேறொரு கணக்குப் போட்டுக் காட்டுவார்கள்: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது. மூலை மட்டமில்லாத மனையில் இது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. கி.பி. 628-லேயே கணித மேதை பிரம்மகுப்தர் இதைத் தோராயக் கணக்கு என்று பிரித்துச் சொல்லிவிட்டார். விற்கிறவர் மட்டும் இன்னும் இதை விடமாட்டேன் என்கிறார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள், தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்த டேப் நீளத்தைக் கூட்டிக் காட்டும். அதுவும் அவர்களுக்குத்தான் லாபம். நாலு பக்கம், இரண்டு குறுக்கு, ஆக ஆறு அளவு. அதைக் குறித்து அனுப்புங்கள் தங்கச்சி, பரப்பை நான் போட்டுத் தருகிறேன்.