பிடிபட்டவனிடம் முதலில் என்ன சொல்கிறீர்கள்?

கேள்வி: பள்ளிக் கபடி அணிக்குப் பயிற்சி தருகிறேன். பயிற்சியில் துணிந்து பாடிப் போகும் பையன்கள், போட்டியில் பாக் லைனை (எதிர்க்களத்தில் பாடிப் போகிறவன் தாண்டியே ஆகவேண்டிய கோடு) தாண்டியதும் திரும்பிவிடுகிறார்கள். எவ்வளவு கண்டித்தும் மாறவில்லையே?
– உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: கண்டிப்பதால்தான் மாறவில்லை. பிடிபட்டு வருபவனுக்குத் திட்டு விழுகிறது. வெறுங்கையோடு திரும்புபவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எது பத்திரம் என்று பையன்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். தொடர்ந்து இரண்டு ரெய்டு (பாடிப் போவது) இப்படி வீணானால் மூன்றாவது 'டூ ஆர் டை', அதாவது புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். எதிரணி அதற்காகவே காத்திருக்கும், அங்கேதான் மாட்டுகிறார்கள்.

பயிற்சியின் கடைசி 15 நிமிடம் புள்ளிக் கணக்கை மாற்றுங்கள். தொடவோ போனஸுக்கோ (ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்ட, மறுகாலைத் தூக்கி எடுக்கும் புள்ளி) உண்மையாக முயன்றால், பிடிபட்டாலும் 1. சும்மா திரும்பினால் 0. (முன்னிலையில் இருந்து கடைசி நிமிடத்தில் நேரம் கடத்துவது வேறு, அதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.)

அடுத்தது, உங்கள் வாய்ச்சொல். "போனஸ்கூட எடுக்கத் தெரியாதா?" என்பதில் பையனுக்குக் கிடைப்பது அவமானம் மட்டும்தான். "முன்கால் கோட்டைத் தாண்டியது, பின்கால் தரையிலேயே இருந்தது, தூக்கு" என்றால் அடுத்த ரெய்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். "பயப்படாதே" என்பதும் வேண்டாம். அது காலுக்கு எந்த வழியும் காட்டாது.

கேள்வி: திட்டாவிட்டால் தளர்ந்துவிட மாட்டார்களா? நான் ஒன்றும் அதிகம் திட்டுபவனும் இல்லை.
– வாசகர், தேனி

பதில்: திட்டுக்கு மாற்று பாராட்டு என்று நினைத்தால்தான் இந்தப் பயம் வரும். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடன் 1974-75 பருவத்தில் நடத்திய பயிற்சிகளை இரு உளவியலாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். பதிவான 2,326 செயல்களில் முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டு 7 விழுக்காடுகூட இல்லை. அந்தப் பருவத்தில் அவர் அணிதான் தேசியப் பட்டம் வென்றது.

'அதிகம் திட்டுவதில்லை' என்ற உங்கள் கணிப்பையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஸ்மித், ஸ்மோல் இருவரும் கண்டது, தாம் களத்தில் எப்படி நடக்கிறோம் என்பது பயிற்சியாளர்களுக்கே பெரும்பாலும் சரியாகத் தெரிவதில்லை என்பதுதான். திட்டுவது மட்டும் அவர்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தது, அதுவும் முழுதாக இல்லை. செல்போனைச் சட்டைப்பையில் போட்டு 20 நிமிடம் பதிவு செய்யுங்கள். இரவில் கேட்டு, தகவல், பாராட்டு, திட்டு என்று மூன்று கட்டத்தில் கோடு போடுங்கள். தோற்றுக்கொண்டிருந்த நேரத்தைத் தனியாக எண்ணுங்கள். திட்டு கூடுவது பெரும்பாலும் அப்போதுதான்.