பொம்மை வீட்டுக் குட்டித் தையலுக்கு ஏன் ஒற்றை இழை நூல்?

பொம்மை வீட்டுப் பொருட்களைப் பெரும்பாலும் 1:12 அளவில் செய்வார்கள். நிஜத்தில் ஓர் அடி, அங்கே ஓர் அங்குலம். ஆறடி பவானி ஜமக்காளம் ஆறு அங்குலமாகிவிடும்.

சரி, நீளத்தைக் குறைக்கலாம். நூலின் தடிமன் தானாகக் குறையாதே! எம்பிராய்டரி நூலை அப்படியே கோத்தால், குட்டித் தலையணையில் தாம்புக் கயிற்றால் பூப்போட்டது போல இருக்கும். அதனால் அதன் ஆறு இழைகளைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுக்கிறோம்.

நூலைவிடத் தொல்லை துணிதான். சின்னத் துண்டுக்கு எடையே இல்லை. திரைச்சீலை தொங்காமல் விறைத்து நிற்கும். மெல்லிய மல் துணியில் கஞ்சி தடவி, மடிப்புகளைக் குண்டூசியால் குத்திக் காயவிட வேண்டும். திருப்பூர் பனியன் கட்பீஸ் சும்மா கிடைக்கிறதே என்று எடுத்தால், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும்.

அப்புறம், இது குழந்தை விளையாட்டு என்பார்கள். 1924-ல் முடிந்த இங்கிலாந்து ராணி மேரியின் பொம்மை வீடும் 1:12 அளவுதான், அதன் குழாயில் தண்ணீரே வரும்.