ராவுலுக்கு ராசி இல்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்பெயின் கால்பந்து வீரர் ராவுல் கோன்சாலஸ் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்தத் தடவை எடுத்திருக்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கே: ராவுல் மொத்தம் எத்தனை கோல் அடித்தார்?

எந்த அணிக்கு, எந்தப் போட்டியில் என்று சேர்த்துக் கேளுங்கள். ரியல் மாட்ரிடுக்கு 740 சொச்சம் ஆட்டங்களில் 323. அதில் ஸ்பெயின் லீக்கான லா லிகாவில் மட்டும் 228. ஸ்பெயினுக்கு 102 ஆட்டங்களில் 44. ஜெர்மன் அணியான ஷால்கேவுக்கு 100 ஆட்டங்களுக்குச் சற்றுக் குறைவாக ஆடி 40. ஒருவரின் லீக் கணக்கை எடுத்து இன்னொருவரின் மொத்தக் கணக்கோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த வாரமும் இதே கடிதம் வருகிறது.

கே: அவர் முதலில் அத்லெடிகோ பையன் என்பது உண்மையா?

உண்மைதான். அத்லெடிகோ மாட்ரிட் நகரின் இன்னொரு அணி. 1992-ல் அதன் தலைவர் ஹெசூஸ் கில் செலவைக் குறைக்க இளையோர் அணியைக் கலைத்தார். 15 வயது ராவுல் அதே ஊரில் இருந்த எதிரணிக்குப் போய்ச் சேர்ந்தார். 1994 அக்டோபர் கடைசியில் சரகோசாவில் முதல் ஆட்டம். வயது 17 வருடம், 4 மாதம். அன்று நல்ல வாய்ப்புகளை வீணடித்தார், அணியும் 3-2 என்று தோற்றது. பயிற்சியாளர் ஹோர்ஹே வால்டானோ அதற்காக அவரை உட்கார வைக்கவில்லை. அடுத்த வாரமும் இறக்கினார். எதிரே ஆடியது அத்லெடிகோ! ராவுல் ஒரு பெனால்டி வாங்கித் தந்தார், ஒரு கோலும் அடித்தார். ரியல் 4-2 என்று ஜெயித்தது. முதல் ஆட்டத்தில் சொதப்பிய பையனை நம்பிய வால்டானோவுக்கு அதில் பாதிப் பெருமை உண்டு.

கே: பலோன் டோர் வாங்கியிருக்கிறாரா?

வருடத்தின் சிறந்த வீரருக்கான அந்த விருது அவருக்குக் கிடைக்கவில்லை. 2001-ல் இரண்டாம் இடம், முதலிடம் மைக்கேல் ஓவனுக்கு.

கே: ஒரு ரெட் கார்டுகூட வாங்கவில்லையாமே?

ஆமாம், ஒன்றுகூட இல்லை. எதிரணி டிஃபெண்டர்களிடம் உதை வாங்குவதே பிழைப்பாக இருந்த ஒருவர் இத்தனை வருடமும் கையை அடக்கி வைத்திருந்தார். இதைப் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

கே: ராவுலை நீக்கிய பிறகுதான் ஸ்பெயின் கோப்பை வாங்கியது. அப்படியென்றால் அவர் ராசியில்லாதவர்தானே?

இந்த 'ராசி' பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் 2000 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டி. தகுதிச் சுற்றில் 11 கோல் அடித்து அணியை அங்கே கொண்டுபோனவர் ராவுல். காலிறுதியில் பிரான்ஸ் 2-1 என்று முன்னிலை. கடைசி நிமிடத்தில் ஸ்பெயினுக்குப் பெனால்டி. அதே ஆட்டத்தில் ஏற்கெனவே ஒரு பெனால்டியைக் கோலாக்கிய மெண்டியெட்டாவைப் பயிற்சியாளர் இரண்டாம் பாதியில் மாற்றிவிட்டிருந்தார். பந்தை வாங்கிக்கொண்டு போய் வைத்தவர் ராவுல். 23 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் பாக்கி. பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. தவறவிட்டார், மறுக்கவில்லை. ஆனால் முன்வந்து பொறுப்பெடுத்தவனை 25 வருடமாக அந்த ஒரு உதைக்காகத் திட்டுவது என்ன நியாயம்?

அடுத்து 2002 உலகக் கோப்பை. முதல் சுற்றில் 3 கோல். அயர்லாந்துக்கு எதிராகக் காயம்பட்டார், தென்கொரியாவுடனான காலிறுதியில் அவர் ஆடவே இல்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் ஸ்பெயின் வெளியேறியது. ஆடாத ஆட்டத்தின் தோல்வியையும் அவர் தலையில் கட்டுகிறார்கள்.

2006 செப்டம்பரில் வட அயர்லாந்திடம் தோற்ற ஆட்டம்தான் நாட்டுக்காக அவர் கடைசியாக ஆடியது. அதற்கப்புறம் ஸ்பெயின் பயிற்சியாளர் அரகோனஸ் அவரைக் கூப்பிடவில்லை. 2007-08 சீசனில் ரியலுக்கு லீக் பட்டமும் வந்தது, ராவுல் லீக்கில் 18 கோலும் அடித்தார். அப்படியும் யூரோவுக்கு எடுக்கவில்லை. ஸ்பெயின் ஜெயித்தது. வியாவும் டோரஸும் அற்புதமாக ஆடினார்கள், அரகோனஸின் முடிவு ஆட்ட முறைக்காக எடுத்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கசியாஸ், புயோல், சாவி மூவரும் 2002, 2006 தோல்விகளிலும் அணியில் இருந்தவர்கள்தான். அவர்களை யாராவது ராசியில்லாதவர்கள் என்கிறார்களா? 11 பேர் ஆடும் ஆட்டத்தில் தோல்விக்கு ஒரே ஒருவரின் பெயரை எழுதுவது சோம்பேறித்தனம்.

கே: அவருடைய மிகச் சிறந்த கோல் எது?

1998 டிசம்பரில் டோக்கியோவில் வாஸ்கோ ட காமா என்ற பிரேசில் அணிக்கு எதிராக அடித்ததை எல்லோரும் சொல்வார்கள். சேடோர்ஃப் தூரத்திலிருந்து போட்ட பந்தை இறக்கி, தடுக்க வந்தவர்களை அடுத்தடுத்து ஏமாற்றி உள்ளே தள்ளியது.

என் தேர்வு ஐரோப்பிய கிளப்புகளின் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2000 இறுதி ஆட்டம். வலென்சியாவுக்குக் கார்னர், எல்லோரும் முன்னே ஏறிவிட்டார்கள். ரியல் வெளியே அடித்த பந்து தன் பாதியில் நின்ற ராவுலிடம் வந்தது. எதிரே வெற்று மைதானம். அவ்வளவு தூரமும் பந்தைக் காலோடு கொண்டுபோய், கோல்கீப்பர் கன்யிசாரெஸ் முன்னே வரும்வரை பொறுத்து, அவரைச் சுற்றிப் போனார். கடைசி ஆளாக ஜுகிச் சறுக்கி வந்து சேர்வதற்குள் பந்து உள்ளே. 3-0. அவர் வேகமான ஓட்டக்காரர் இல்லை. துரத்தும் காலடிச் சத்தம் கேட்டும் பதறாமல் இருந்தார் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கோல்.

கே: ஷால்கேவுக்குப் போனது காசுக்காகத்தானே?

ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். 2011 சாம்பியன்ஸ் லீக்கில் நடப்புச் சாம்பியன் இன்டர் மிலானை அவர்கள் மைதானத்திலேயே ஷால்கே 5-2 என்று அடித்தது. அந்த ஆட்டத்திலும் மறு ஆட்டத்திலும் ராவுல் கோல் அடித்தார். அணி அரையிறுதி வரை போனது, அதே வருடம் ஜெர்மன் கோப்பையும் வாங்கியது.

கே: சாம்பியன்ஸ் லீக்கில் அவர் 66 கோல் என்கிறார் நண்பர், நான் 71 என்கிறேன். யார் சரி?

இருவரும் சரி. ரியலுக்கு 66, ஷால்கேவுக்கு 5. எந்த அணிக்கு என்று கேளுங்கள் என்று மேலேயே சொன்னேன்.

கே: என் மகனுக்கு 12 வயது, ஃபார்வர்டு ஆடுகிறான். ராவுலின் எந்த வீடியோவைக் காட்டலாம்?

கோல் தொகுப்புகளைக் காட்டாதீர்கள். அதில் கடைசி இரண்டு நொடிதான் இருக்கும். ஏதாவது ஒரு முழு ஆட்டத்தைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் ராவுலின் 7-ஆம் எண் சட்டையை மட்டும் அரை மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நின்று, அவர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்த நொடியில்தான் நகர்வார்.

கே: கோல் அடித்ததும் மோதிரத்தை முத்தமிடுவது ஏன்?

கல்யாண மோதிரம். மனைவிக்காக.

கே: கடைசியாக எங்கே ஆடினார்?

கத்தாரில் அல் சத், பிறகு நியூயார்க் காஸ்மோஸ். 2015 நவம்பரில் காஸ்மோஸ் ஒட்டாவாவை 3-2 என்று வென்று பட்டம் வாங்கியது. அதோடு காலணியைக் கழற்றினார். வயது 38.