‘சீக்கி’ என்றால் சிரியுங்கள், ‘ஃபிளிப்பன்ட்’ என்றால் உஷார்

தம்பி, இங்கிலாந்தின் லீட்ஸில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், என்ன கோட்டு வாங்கலாம் என்பதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோட்டில் தொப்பி இருக்கட்டும், அந்தக் காற்றுக்குக் குடை தாங்காது. அவ்வளவுதான். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்டதுதான் விஷயம். ஆறு மாத மதிப்பீட்டில் மேனேஜர் உங்களை ‘ஃபிளிப்பன்ட்’ என்று எழுதியிருக்கிறார், பக்கத்து மேசைப் பெண் தினமும் ‘சீக்கி’ என்கிறார், இரண்டும் ஒன்றுதானே என்கிறீர்கள்.

ஒன்றே இல்லை. சீக்கி என்பது நம்மூர் குசும்பு. சொல்பவர் பாதி ரசித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஃபிளிப்பன்ட் என்றால் கனமான விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர் என்று பொருள். அதில் ஜோக் ஆபாசமாக இருக்கவேண்டும் என்பதில்லை, சொன்ன இடம்தான் தப்பு. வாடிக்கையாளர் புகார் பற்றிய கூட்டத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பீர்கள். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். எழுத்தில் வந்துவிட்டதால், நேரில் போய் எந்தச் சம்பவம் என்று கேட்டுவிடுங்கள்.

இதைவிட மோசம் ‘ஃபசீஷியஸ்’ (facetious). வேண்டுமென்றே எகத்தாளம் பேசுகிறாய் என்று அர்த்தம். 2001இல் ஷெஃபீல்டில் ஒரு கிடங்கில் கணக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். எத்தனை நகல் வேண்டும், எதில் சீல் வைக்கவேண்டும், அட்டெஸ்டேஷன் யாரிடம் வாங்குவது என்று கேட்டேன். தாலுகா ஆபீஸில் கால்கடுக்க நின்று வந்தவன் வேறென்ன கேட்பான்? மேலாளர் முகம் சிவந்து, “டோன்ட் பி ஃபசீஷியஸ்” என்றார். அறையே சிரித்தது. நான் அவர்கள் நிர்வாகத்தை நக்கலடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம்தான். அந்தச் சொல்லில் ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வரிசை மாறாமல் வரும் என்று பின்னாளில் ஒரு குறுக்கெழுத்துப் பைத்தியம் சொன்னது. அதை வைத்து நான் என்ன செய்வது!

அப்புறம் ‘ஆஃப்-கலர்’, ‘புளூ’. நாம் பச்சையாகப் பேசுவது என்போமே, அதற்கு இவர்கள் பூசிய நிறம் நீலம். பிரைட்டன்காரர் மேக்ஸ் மில்லர் என்று அந்தக் காலத்து மேடைச் சிரிப்பு நடிகர். ‘சீக்கி சாப்பி’ என்பது அவருடைய பட்டப்பெயர். வெள்ளைப் புத்தகம், நீலப் புத்தகம் என்று இரண்டை நீட்டி எதிலிருந்து சொல்லட்டும் என்று கேட்பாராம். சபை நீலத்தைத்தான் கேட்கும். அது மேடையில் சரி. நம் ஆட்கள் சிலர் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்த நீலத்தை ஆபீஸ் குழுவுக்குத் தள்ளிவிட்டு, கேட்டால் ‘ஜஸ்ட் பான்டர்’ என்கிறார்கள். பான்டர் என்பது சமமானவர்கள் மாறி மாறி வாரிக்கொள்வது. ஒருவரே அடித்து இன்னொருவரே வாங்கிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு. இங்குள்ள 2010 சமத்துவச் சட்டப்படி இனம், மதம், பாலினம் போன்றவற்றைத் தொட்டு ஒருவரை அவமதிக்கும் பேச்சைத் தொல்லை என்று சொல்ல, நோக்கம் இல்லாவிட்டாலும் விளைவே போதும். பாலியல் தொல்லை நடக்காமல் தடுக்கும் கடமையும் 2024 அக்டோபரிலிருந்து முதலாளி தலையில் இருக்கிறது. அதனால் ஹெச்.ஆர். சும்மா விடாது. உங்கள் நிறத்தையும் உச்சரிப்பையும் வைத்து யாராவது ‘பான்டர்’ செய்தாலும் இதே சட்டம்தான். சிரித்து மழுப்பாதீர்கள்.

விமான நிலையத்தைப் பற்றி ஜோக்கே வேண்டாம். 2010இல் டான்காஸ்டர் பக்கத்து ராபின் ஹூட் விமான நிலையம் பனியால் மூடியபோது, ஒருவர் எரிச்சலில் அதைத் தகர்த்துவிடுவேன் என்று ட்விட்டரில் விளையாட்டாக எழுதினார். கைது, தண்டனை, வேலையும் போனது. 2012இல்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் இந்த மண்ணின் ஆள். விசாவில் இருக்கும் நமக்கு எதற்கு இந்த வம்பு?

இதற்குப் பயந்து எதற்கும் சிரிக்காமல் விறைப்பாகத் திரியும் கூட்டம் ஒன்றும் நம்மவர்களில் உண்டு. பத்து வருடம் ஆனாலும் மதிய சாப்பாடு தனியாகத்தான். அப்படியும் இருக்காதீர்கள். எங்கள் கிடங்கில் பார்ன்ஸ்லிக்காரர் ஒருவர் இருந்தார், முகத்தில் ஒரு கோடு அசையாமல் ஜோக் சொல்வார். என் தயிர்சாத டப்பாவைப் பார்த்து, “உடம்பு சரியில்லையா?” என்று தினமும் விசாரிப்பார். ஒருநாள் அவருடைய சிப் பட்டியைப் பார்த்தேன். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவல், வேறொன்றும் கிடையாது. “வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?” என்று அதே முகத்தோடு கேட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சீக்கி பகர்” என்றார், குசும்புக்காரப் பயலே என்று செல்லமாக. அன்று மாலை டீ போடும்போது எனக்கும் சேர்த்துப் போட்டார். நன்றாகவே இல்லை, சர்க்கரையே போடவில்லை.