பிரான்ஸ் பார்சலில் ‘கிஃப்ட்’ என்று எழுதலாமா?

சகோ, வரியைத் தவிர்க்கப் பார்சலில் ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லி, உங்கள் குத்துவிளக்கை வாங்கும் பாரிஸ்காரர் கேட்கிறார் என்றீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். கிஃப்ட்டுக்கான வரிச்சலுகை காசு வாங்காமல் அனுப்பும் பொருளுக்கு, அதுவும் 45 யூரோ வரைதான். விற்ற பொருளுக்கு 2021 ஜூலையிலிருந்து முதல் யூரோவுக்கே வாட் உண்டு. வரி வாங்குபவர் பொறுப்பு என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் கட்டிவிடுவார்கள், பார்சல் வாசலுக்கு வந்தபின் தெரிந்தால்தான் தகராறு.

எனக்குக் கவலையெல்லாம் அந்தப் பொருள் மேல்தான். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு, ‘பிரெஞ்சுக்காரன் காலத்தது’ என்று விற்றவர் சொன்னாராம். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் விடாது. உங்கள் படத்தில் தண்டின் மரை தேயாமல் கூர்மையாக இருக்கிறது, அடித்தட்டிலும் கடைசல் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. எனக்குப் புதுசாகத்தான் படுகிறது. ஆனால் கஸ்டம்ஸில் என் கணிப்பு செல்லாது. தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிய பிறகு அனுப்புங்கள். அதுவரை விளம்பரத்திலிருந்து ‘ஆன்டிக்’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

தொழிலாகச் செய்வதால் ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். ஆன்லைனிலேயே எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய். விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டுங்கள். தபாலில் ஐடிபிஎஸ் என்ற வெளிநாட்டுச் சிறு பார்சல் சேவைக்கு எடை வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் ஈஎம்எஸ் எனும் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் மாதிரி வேறு சேவை பார்க்க வேண்டும்.